காலில் துருப்பிடித்த ஆணி

எங்கள் ஊரில் உள்ளங்காலில் எது வந்தாலும் அதற்கு ஒரே பேர்தான்: ஆணி. முள் குத்திப் பழுத்திருந்தால்கூட முதலில் ஆணி என்பார்கள், சீழ் வெளியே வந்த பிறகுதான் முள் என்று ஒத்துக்கொள்வார்கள். இந்தப் பேரை வைத்த புண்ணியவான் யார் என்று தெரிந்திருந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஒரு நோய்க்கு ஆணி என்று பேர் வைத்துவிட்டால் அப்புறம் அதற்கு யாரும் வைத்தியம் பார்க்க மாட்டார்கள், பிடுங்கத்தான் பார்ப்பார்கள். என் வலது கால் எங்கள் வீட்டாரிடம் மாட்டிக்கொண்டு பட்ட பாடு அப்படிப்பட்டது.

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்த புதிது. நான் கடற்கரைச் சாலையில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்து ஆபீசுக்கு நடைதான். ஒருநாள் செருப்புக்குள் சின்னக் கல் கிடப்பது போல இருந்தது. நின்று செருப்பைக் கழற்றி உதறினேன். மறுநாளும் உதறினேன். அந்த வாரம் முழுக்கத் தெருவில் நின்று செருப்பை உதறியதில், எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று எதிர்வீட்டில் பேசிக்கொண்டார்களாம். அதற்கப்புறம்தான் கல் செருப்பில் இல்லை, காலில் இருக்கிறது என்று தெரிந்தது. முன்பாதத்தில், தரையில் அழுந்துகிற இடத்தில், பட்டாணி அளவுக்குத் தடித்துப் போயிருந்தது. நடுவில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள்.

வீட்டில் நான், அப்பா, அம்மா, அப்பாவின் அக்காவான அத்தை, நாலு பேர். அப்பா ஒரு தோணிக்காரரின் சரக்குக் கிட்டங்கியில் கணக்கு எழுதினார். அத்தையின் புருஷன் தோணியில் கொழும்புக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். எங்கள் குடும்பத்தில் புத்திசாலி என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால் நான் அவரைத்தான் சொல்வேன். அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்து, வீட்டின் டாக்டர், வக்கீல், பங்குச் சாமியார் எல்லாமாக ஆகிவிட்டாள். அம்மா பேசமாட்டாள். பேச இடமும் கிடையாது.

அத்தை என் காலைத் தூக்கி மடியில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். கறுப்புப் புள்ளிகளைக் கண்டதும் அவள் முகம் மாறியது.

"ஏளா, ஆணி துருப்பிடிச்சிட்டு" என்றாள். "துரு ரெத்தத்துல எறங்குச்சின்னா காலையே எடுக்க வேண்டி வரும்."

வெளியூர்க்காரர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். எங்கள் ஊரில் இரும்பு என்று ஒன்று இருந்தால் அது துருப்பிடிக்கும். ஜன்னல் கம்பி, சைக்கிள், கிணற்று வாளி, இரும்புக் கட்டில் எதையும் உப்புக் காற்று விட்டுவைக்காது. கதவுக் கீலை வருஷா வருஷம் மாற்றுவோம். அப்படி ஒரு ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு, காலுக்குள் ஆணி இருக்கிறது என்றால் அதுவும் துருப்பிடித்துத்தானே ஆக வேண்டும்? அத்தையின் மூளை அந்த வழியில் ஓடியது. அது ஓடுகிற வழியில் யாரும் குறுக்கே நிற்கக் கூடாது.

அன்று சாயங்காலமே என்னைப் பக்கத்துத் தெரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். கூட்டத்துக்கு நடுவில் நின்று, "பிள்ளை கால்ல துருப்பிடிச்ச ஆணி" என்று அத்தை சொன்னாள். டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கம்பவுண்டரைக் கூப்பிட்டு டெட்டனஸ் ஊசி போடச் சொல்லிவிட்டு அடுத்த ஆளை அழைத்தார். நான் காலைக் காட்ட ஸ்டூலில் ஏறியபோது, எதற்கு என்பது போலப் பார்த்தார். எம்.பி.பி.எஸ். படித்த மனுஷர், போர்டு வைத்திருந்தார். காலைப் பார்க்காமலே காலுக்கு வைத்தியம் பார்த்தார். மேல் கை இரண்டு நாள் வீங்கிக் கிடந்தது. அத்தை அதைத் தொட்டுப் பார்த்து, மருந்து வேலை செய்கிறது என்று சொன்னாள்.

ஊசி போட்டும் ஆணி வெளியே வராததால் அத்தை தானே வேலையில் இறங்கினாள். எருக்கம்பால் வைத்தாள். சேராங்கொட்டையைச் சுட்டு அதன் எண்ணெயை வைத்தாள். ஆணிக்கு ஒன்றும் ஆகவில்லை, சுற்றி இருந்த நல்ல தோல் வெந்து கொப்பளித்தது. சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து அப்பியபோது நான் போட்ட சத்தத்தில் அப்பா பேப்பரை இறக்கி, "என்ன அங்கன?" என்று கேட்டார். பிறகு பேப்பரை ஏற்றிக்கொண்டார். எங்கள் வீட்டில் அப்பாவின் பங்கு எப்போதும் அவ்வளவுதான்.

கடைசியில் அப்பாவின் ஷேவிங் பிளேடு வந்தது. ஆணியைத் தோண்டி எடுக்கப் போகிறேன் என்று அத்தை உட்கார்ந்தாள். தோண்டத் தோண்ட ரத்தம்தான் வந்தது, ஆணி வரவில்லை. வேர் ஆழமாகப் போயிருக்கிறது என்றாள். ஆணிக்கு எப்படி வேர் வரும் என்று நான் கேட்டேன். படித்த திமிர் என்றாள். அதைவிடப் பெரிய கூத்து இன்னொன்று உண்டு. அந்த பிளேடைக் கழுவித் துடைத்து அப்பாவின் டப்பாவிலேயே பழையபடி வைத்துவிட்டாள். அடுத்த வருஷம் அப்பாவின் தாடையில் சொரசொரப்பாக ஒன்று முளைத்தது. அதை யாரும் ஆணி என்று சொல்லவில்லை. அதற்குப் பேர் மரு. ஆம்பிளை முகத்தில் வந்தால் மரு, பொம்பிளை காலில் வந்தால் ஆணி. அதற்குக் குதிரை முடி கட்டினார்கள்.

என் காலில் ஒன்று மூன்றானது. மூன்று சேர்ந்து ஒரு திட்டானது. மெடிக்கல் ஷாப்பில் வட்டமாக ஒரு பிளாஸ்திரி வாங்கி ஒட்டினேன். இரண்டு நாளில் தோல் வெள்ளையாக ஊறியதைப் பார்த்த அத்தை, கால் அழுகுகிறது என்று பிய்த்து எறிந்தாள். எங்கள் வீட்டுக்குள் தப்பித்தவறி வந்த ஒரே சரியான மருந்து அதுதான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அம்மா தன் பங்குக்குச் சிலுவை நட்ட குருசடிக்கு நடந்து போய் மாதாவுக்கு உப்பும் மிளகும் போட்டுவிட்டு வந்தாள். போட்ட உப்பு கரைகிற மாதிரி ஆணியும் கரைந்துவிடுமாம். ஊரைச் சுற்றி அளத்தில் உப்பு மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது. அதை மழையும் காற்றும் கரைத்தபடிதான் இருக்கின்றன. அந்தக் கணக்குக்கு எங்கள் ஊரில் ஒருத்தருக்கும் ஒரு மருவும் இருக்கக் கூடாது. இதை நான் அம்மாவிடம் சொன்னேன். அவள் மறுவாரமும் போனாள்.

இப்படி நாள் ஓடிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு மாப்பிள்ளை வந்தது. கப்பலில் என்ஜினியர். எங்கள் ஆட்கள்தான், கடற்கரையிலேயே மச்சு வீடு. கல்யாணம் ஆனால் பெண்ணைப் பம்பாய்க்குக் கூட்டிப்போவார்கள் என்று பேச்சு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளையின் போட்டோவைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, மீசையும் அதற்குப் பின்னால் ஒரு ஆளும் இருந்தார்கள். ஆனால் பம்பாய் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அத்தை இல்லாத ஒரு ஊர். நான் அந்தக் கல்யாணத்தை ரொம்ப ஆசைப்பட்டேன்.

அதற்குள் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒரு செய்தி போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க வரிசையில் போகும்போது நான் விந்தி விந்தி நடக்கிறேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்கள் கோவிலில் நன்மை வாங்கப் போகிற வரிசையில் பாதிப் பேர் ஆண்டவரைப் பார்ப்பார்கள், மீதிப் பேர் முன்னால் போகிற பெண்பிள்ளைகளின் நடையைப் பார்ப்பார்கள். தரகுக்கு வந்த பெண்ணிடம் மாப்பிள்ளையின் அம்மா, "பிள்ளை நொண்டுதாளாமே?" என்று கேட்டுவிட்டாள். நொண்டிப் பெண் வேண்டாம், கால் சரியாக இருந்தால் மகன் லீவில் வரும்போது வந்து பார்க்கிறோம் என்று சொல்லியனுப்பினாள்.

அன்றைக்கு அப்பா பேப்பரைக் கீழே வைத்தார். கால் வலிக்கிறது என்று நான் மாதக்கணக்கில் சொன்னபோது கேட்காத காது, வெளியாள் ஒருத்தி நொண்டி என்றதும் திறந்துகொண்டது. பாளையங்கோட்டையில் தோல் வியாதிக்கென்றே ஒரு டாக்டர் இருக்கிறார், நாளைக்கே போங்கள் என்றார். அவர் இருப்பது அப்பாவுக்கு முன்னாலேயே தெரியுமாம்.

அம்மாவும் நானும் பஸ் ஏறிப் போனோம். அந்த டாக்டர் வயதானவர், கடுகடுவென்று இருந்தார். எனக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துப்போனது. என்ன என்று கேட்டார். ஆணி என்று அம்மா சொன்னாள்.

"ஆணின்னு யாரு சொன்னா? எல்லாரும் தச்சாசாரிகளா?" என்றார்.

அவர் முதலில் செய்த காரியம் காலைப் பார்த்தது. தடித்த இடத்தை மேலிருந்து அழுத்தினார், எனக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. இரண்டு பக்கமும் விரலை வைத்துக் கிள்ளுகிற மாதிரி நசுக்கினார். உயிர் போனது. பிறகு மேல்தோலை லேசாகச் சீவி, லென்சைக் கொடுத்து என்னையே பார்க்கச் சொன்னார். பாதத்துத் தோலில் கைரேகை மாதிரி ரேகைகள் ஓடுமே, அவை அந்தத் திட்டுக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு ஒதுங்கிப் போயின. ஆணியாக இருந்தால் ரேகை மேலேயே ஓடும், மேலிருந்து அழுத்தினால்தான் வலிக்கும், செருப்புக் கடித்து வருகிற வெறும் காய்ப்பு அது என்றார். இது மரு. முகத்தில் வருகிற அதே மரு. நாள் முழுக்க ஆளின் கனம் மேலே நிற்பதால் வெளியே தொங்க முடியாமல் உள்ளே அமுங்கிக் கிடக்கிறது. கறுப்புப் புள்ளிகள் துரு இல்லை, மருவுக்குள் போகிற மயிரிழை ரத்தக் குழாய்கள் உறைந்து போனவை.

இது ஒரு கிருமி, ஈரத் தரையில் வெறுங்காலோடு நடக்கிறவர்களிடம் ஒருவர் காலிலிருந்து இன்னொருவர் காலுக்குப் போகும், வெட்டத் தோண்டப் பரவும் என்றார். வீட்டில் கால் தேய்க்கிற கல் உண்டா என்று கேட்டார். கிணற்றடியில் ஒன்று உண்டு. கடலிலிருந்து யாரோ எடுத்துவந்த சொரசொரப்பான பவளக்கல். குளிக்கும்போது வீட்டுப் பெண்கள் எல்லாரும் அதில்தான் குதிகாலைத் தேய்ப்போம். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"யாருக்கும் இல்ல" என்றாள் அம்மா.

சாலிசிலிக் ஆசிட் கலந்த மருந்து கொடுத்தார், அத்தை பிய்த்து எறிந்த பிளாஸ்திரியில் இருந்ததும் அதுதானாம். தினமும் வெந்நீரில் காலை ஊறவைத்து, வெளுத்த தோலை எனக்கென்று தனியாக வைத்த கல்லால் மெல்லத் தேய்த்து, மருவின் மேல் மட்டும் மருந்தைத் தடவி, பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். நல்ல தோலில் படக் கூடாது. கிணற்றடியில் செருப்பு போட வேண்டும், துண்டு தனி. மாதக்கணக்கில் ஆகும், அவசரப்பட்டுப் பிளேடை எடுத்தால் இங்கே வராதே என்றார். சும்மா விட்டாலே சிலருக்குத் தானாகப் போகும், ஆனால் உங்கள் வீட்டில் சும்மா விடமாட்டார்கள் போலிருக்கிறது என்றும் சொன்னார். எங்கள் வீட்டை அவர் பார்த்ததே இல்லை.

அத்தை இதை ஒத்துக்கொள்வாளா? மரு என்றால் வெளியே தொங்க வேண்டும், உள்ளே போகிற மருவை ஊர் உலகத்தில் யாரும் கண்டதில்லை என்று சாதித்தாள். கிணற்றடியில் நான் செருப்போடு நின்றது அவளுக்குப் பெரிய அவமானமாகப் போய்விட்டது. என் கல்லை நான் ஒளித்து வைத்தேன். அவள் தேடி எடுத்து, கல்லுக்குக்கூட இனி சாதி பார்க்க வேண்டுமா என்று கேட்டுக் கிணற்றடியில் கொண்டுபோய் வைப்பாள். நான் இன்னொரு கல் எடுப்பேன். இந்தச் சண்டையிலேயே மழைக்காலம் கழிந்தது. நல்ல வேளையாக மாப்பிள்ளையின் கப்பலும் எங்கேயோ வேலைக்கு நின்று, அவர் லீவு தள்ளிப்போனது.

தோல் தாள் தாளாகக் கழன்றது. கறுப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஒருநாள் காலைக் கழுவிப் பார்த்தபோது, ஒதுங்கிப் போன ரேகைகள் திரும்பி வந்து அந்த இடத்தின் மேல் நேராக ஓடின. நான் ஆபீசுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். அத்தை தான் வைத்த சேராங்கொட்டை இப்போதுதான் பிடித்திருக்கிறது என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சப்பாத்தைக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். கப்பலையே ஓட்டுகிறவர் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அவருடைய அம்மா பட்டுச் சேலையும் விசிறியுமாக நடுவில் உட்கார்ந்து, என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். என் முகத்தில் அதிக நேரம் நிற்கவில்லை. கோடியில் இருந்த மேசையைக் காட்டி, அந்த மாதா படத்தை எடுத்துவா, பார்க்கலாம் என்றாள். மாதா படத்தை அவள் வீட்டில் பார்த்ததே இல்லையாக்கும். மாட்டை நடக்கவிட்டுப் பார்க்கிற வேலை இது என்று தெரிந்தும் நான் எழுந்து நடந்தேன். பம்பாய்க்காக நடந்தேன். போய் எடுத்து, திரும்பி வந்து, அவள் கையில் கொடுத்தேன். ஒரு விந்தல் இல்லை. அப்பாவின் முகம் மலர்ந்தது. அத்தை வெற்றிலைக்குக் கையை நீட்டினாள்.

அப்போது அம்மா காபித் தம்ளர்களையும் மக்ரூன் தட்டையும் ஒரே தாம்பாளத்தில் தூக்கிக்கொண்டு அடுக்களையிலிருந்து வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்தாள். அவள் கண் தாம்பாளத்துக்குப் போகவில்லை, கீழே போனது.

"ஒங்களுக்கும் காலு சரியில்லையோ?" என்றாள்.

அம்மா சிரித்து, கிணற்றடியில் வழுக்கிவிட்டது என்றாள். மாப்பிள்ளையின் அம்மா தட்டை இழுத்து வைத்துக்கொண்டாள். மக்ரூன் தின்றாள், நன்றாக இருக்கிறது என்றாள். போனார்கள். அன்று சாயங்காலமே தரகுக்காரி வந்துவிட்டாள். தாய்க்கும் மகளுக்கும் காலில் கோளாறு, குடும்பத்தில் ஓடுகிறது, நாளைக்குப் பேரப்பிள்ளைகளுக்கும் வரும், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

குடும்பத்தில் ஓடியது உண்மைதான். ரத்தத்தில் ஓடவில்லை, கிணற்றடிக் கல்லில் ஓடியது. அதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு அங்கே ஆள் இல்லை. பம்பாய் போய்விட்டது. நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதேன்.

அப்பா அம்மாவைப் பிடித்துக்கொண்டார். வந்தவர்கள் முன்னால் உன்னை யார் வந்து நடக்கச் சொன்னது, தாம்பாளத்தை அக்கா கொண்டுவரமாட்டாளா, நல்ல நேரத்தில் வந்து காலை இழுத்தாயே என்று கத்தினார். அத்தையும் கூடச் சேர்ந்துகொண்டாள். அம்மா தரையில் உட்கார்ந்து தம்ளர்களை அடுக்கினாள். நான் போய் அவள் காலைப் பிடித்துத் திருப்பினேன். இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், நான் விடவில்லை. ஒரு காலில் மட்டும் இல்லை, இரண்டிலும். குதியிலிருந்து விரல் வரைக்கும் திட்டுத் திட்டாக, கறுப்புப் புள்ளி புள்ளியாக. என்னுடையதைவிட வெகு காலம் பழசு. அந்தக் காலோடு அவள் மார்க்கெட்டுக்கு நடந்திருக்கிறாள், தண்ணீர் சுமந்திருக்கிறாள், எனக்காகக் குருசடிக்குப் போய் உப்பும் மிளகும் போட்டிருக்கிறாள்.

டாக்டர் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ கெட்டிக்கொடுக்க வேண்டிய பிள்ளை" என்றாள். "என் காலை எவ வந்து பாக்கப் போறான்னு நெனச்சேன்."

அடுத்த வாரம் அவளைப் பாளையங்கோட்டைக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் அவளைத் திட்டிய திட்டில் பாதி அப்பாவுக்குச் சேர வேண்டியது. எனக்கு ஆன காலத்தைவிட அவளுக்கு வெகு அதிகமாக ஆனது. நான் பம்பாயைப் பார்க்கவே இல்லை. மாட்டை நடக்கவிடுகிற மாதிரி என்னை நடக்கவிட்ட அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வாய் கசக்கும், மரியாதை வராது. ஆனால் அத்தனை வருஷத்தில் என் அம்மாவின் காலைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.